‘ஒரு கிளப்’ என்றால் என்ன பொருள்? பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏலம் கேட்கும் கலை

(நமது நலச்சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், மாலை நேரத்தில் சீரியலை விட்டுவிட்டு வந்திருக்கும் சகோதரிகளுக்கும் என் நன்றி. “சார், பிரிட்ஜ் பற்றிப் பேசுங்கள், ஆனால் யாருக்கும் தூக்கம் வரக்கூடாது” என்று செயலாளர் நிபந்தனை போட்டிருக்கிறார். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். எதிரே நிற்பவரை விழித்திருக்க வைப்பது எனக்குப் பழக்கம்தான்.

ஏன் இந்தத் தலைப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் சங்கக் கட்டடத்து மாடியில் காலை பத்து மணிக்குச் சீட்டு மேசை போடுகிறோம். அதைப் பற்றி இரண்டு பேச்சு இருக்கிறது. “இது சூதாட்டம், குழந்தைகள் வரும் இடத்தில் வேண்டாம்” என்பது ஒன்று. இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான்கு மேசை இருந்த இடத்தில் இப்போது இரண்டுதான். ஒருவருடைய ஜோடி மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். இன்னொருவருடைய ஜோடி சென்ற கார்த்திகைக்குப் பிறகு நம்மோடு இல்லை. மீதி இருப்பவர் வருகிறார், ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், போய்விடுகிறார். உட்காரச் சொன்னால், “வேறு யாரோடும் எனக்கு ஒத்துவராது சார்” என்கிறார். இந்த இரண்டாவது விஷயத்துக்கு ஒரு வழி சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். முதல் விஷயத்துக்கும் போகிற போக்கில் பதில் கிடைக்கும்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். இங்கே பலருக்கு ‘இருபத்தெட்டு’ ஆட்டம் தெரியும். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நான்கு ஜாதிக்கும் சேர்த்து 28. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. எத்தனை எடுப்போம் என்று கேட்டு, அதிகம் கேட்டவர் துருப்பு வைப்பார். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இதே வகையில் ‘முந்நூற்று நாலு’ ஆடுவார்கள். பிரிட்ஜும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், கொஞ்சம் அதிகம் படித்த பிள்ளை.

பிரிட்ஜில் 52 சீட்டும் உண்டு, ஆளுக்கு 13. ஆட்டக்காரர்களுக்குத் திசைப் பெயர்: வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. நம் ஊரில் கிரிவலப் பாதையில் திசைக்கு ஒரு லிங்கம் இருப்பதுபோல, மேசையில் திசைக்கு ஓர் ஆள். வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் ஒரு ஜோடி. நான்கு பேரும் ஒவ்வொரு சீட்டு போட்டு, பெரிய சீட்டு போட்டவர் எடுத்தால் அது ஒரு பிடி. மொத்தம் 13 பிடி.

ஆட்டம் தொடங்கும் முன் ஏலம். ‘1 கிளப்’ என்று கேட்டால், கிளாவரைத் துருப்பாக வைத்து 6 பிடிக்கு மேல் ஒன்று, அதாவது 7 பிடி எடுப்போம் என்று பொருள். நாம் கிளாவர் என்பதைப் பிரிட்ஜில் கிளப் என்பார்கள். கீழிருந்து மேலாகக் கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், கடைசியில் துருப்பே இல்லாத ‘நோ டிரம்ப்’. 1 முதல் 7 வரை, ஐந்து வகை. ஆக 35 கேள்விகள். ஒருவர் கேட்டதற்கு மேலேதான் அடுத்தவர் கேட்க முடியும். கீழே இறங்க வழி கிடையாது.

இப்போது ஒரு கணக்கு. 52 சீட்டிலிருந்து 13 சீட்டு ஒரு கைக்கு எத்தனை விதமாக வரலாம் தெரியுமா? 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600 விதம். இத்தனை விதமான கையை எதிரே இருப்பவருக்கு விளக்க நம்மிடம் இருப்பது 35 சொல். அதோடு பாஸ், டபுள், ரீடபுள். கண்ணால் ஜாடை கிடையாது, குரலை ஏற்றி இறக்குவது கிடையாது, பெருமூச்சும் கிடையாது. இந்தச் சிக்கனத்தில்தான் பிரிட்ஜின் சுவாரசியமே இருக்கிறது. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஜோடியினர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதைத்தான் ‘சிஸ்டம்’ என்கிறார்கள்.

கையின் பலத்தை அளக்க எல்லோரும் ஒரே அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. ஒரு கட்டில் மொத்தம் 40 புள்ளி, சராசரியாக ஒரு கைக்கு 10. இரண்டு கையும் சேர்ந்து 25, 26 புள்ளி வந்தால் ‘கேம்’ எடுக்கலாம். நோ டிரம்பில் 9 பிடி, ஹார்ட் அல்லது ஸ்பேடில் 10 பிடி, மற்ற இரண்டில் 11 பிடி. கேம் கேட்டு எடுத்தால் 300 அல்லது 500 போனஸ். கேட்காமல் எடுத்தால் வெறும் 50. சுமார் 33 புள்ளி இருந்தால் 12 பிடி எடுக்கும் ‘ஸ்லாம்’ கேட்டுப் பார்க்கலாம். ஆகவே ஏலத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான். நம் இருவரிடமும் சேர்ந்து எவ்வளவு இருக்கிறது, எந்த ஜாதி நீளமாக இருக்கிறது என்று, அதிகம் மேலே ஏறிவிடாமல் கண்டுபிடிப்பது.

பெரும்பாலானவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இயல்பான முறை. ஸ்பேட் நீளமாக இருந்தால் 1 ஸ்பேட், கிளப் நீளமாக இருந்தால் 1 கிளப். எளிதுதான். ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘1 ஸ்பேட்’ என்றவரிடம் 12 புள்ளியும் இருக்கலாம், 20, 21-உம் இருக்கலாம். அண்ணா, மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால், “பன்னிரண்டாயிரத்திலிருந்து இருபத்தோராயிரத்துக்குள்” என்று சொல்வதுபோல. அதை வைத்துக் கடன் எப்படிக் கொடுப்பது?

இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய கதை. கதையென்றாலும் நடந்தது. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் 1929 செப்டம்பரில், பென்னட் என்ற தம்பதி ஒரு ஜோடியாக உட்கார்ந்து பிரிட்ஜ் ஆடினார்கள். கணவர் 1 ஸ்பேட் என்று திறந்தார். மனைவி 4 ஸ்பேடுக்கு உயர்த்தினார். ஆட்டம் தோற்றது. வாக்குவாதம் முற்றி அவர் கைநீட்டினார். அந்த அம்மாள் உள்ளே போய்த் துப்பாக்கி எடுத்துவந்து சுட்டுவிட்டார். 1931-ல் நடந்த வழக்கில் நீதிமன்றம் அவரை விடுதலையும் செய்துவிட்டது! ‘1 ஸ்பேடுக்கு இத்தனை புள்ளிதான்’ என்று இருவருக்கும் ஒரே கணக்கு இருந்திருந்தால் அந்த வீட்டில் அன்றிரவு சமாதானமாகச் சாப்பிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். இங்கே தம்பதியாக ஆடுபவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளவும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘ஸ்ட்ராங் கிளப்’. பலமான கிளப் என்று சொல்லலாம். இதன் அடிப்படை எண்ணம் ஒரே வரி: பலமான கை எதுவாக இருந்தாலும் முதலில் 1 கிளப் என்று சொல்லிவிடு. கையில் கிளப் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இங்கே ‘1 கிளப்’ என்பது கிளாவரைப் பற்றிய பேச்சே இல்லை. “என்னிடம் 16 புள்ளி அல்லது அதற்கு மேல் இருக்கிறது” என்ற அறிவிப்பு.

இந்த எண்ணம் புதிதல்ல. இன்று நாம் ஆடும் காண்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை உருவாக்கியவர் ஹரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர். 1925-ல் ‘ஃபின்லாந்து’ என்ற கப்பலில் பனாமா கால்வாய் வழியாகப் போகும்போது நண்பர்களோடு ஆடிப் பார்த்துத் திட்டப்படுத்தினார். 1 கிளப்பைப் பலமான கைக்கு ஒதுக்கும் யோசனையையும் 1929-ல் வெளியிட்டார். ஆட்டத்தை வடிவமைத்தவரே சொன்னதை அன்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இத்தாலிக்காரர்கள் கையில் அது உயிர் பெற்றது. 1957-க்கும் 1969-க்கும் இடையில் ‘பெர்முடா பவுல்’ என்ற உலகப் பட்டத்தை இத்தாலி 10 முறை வென்றது. அந்த அணியில் நேப்பிள்ஸ் நகரத்து ஆட்டக்காரர்கள் பலமான கிளப் முறையை வைத்திருந்தார்கள்.

இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் வடிவத்துக்குப் ‘பிரிசிஷன்’ என்று பெயர். அதை அமைத்தவர் சி.சி.வெய். ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவில் கப்பல் தொழில் செய்தவர். அவர் முறையைக் கற்ற தைவான் அணி 1969-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பெர்முடா பவுலில் இறுதிப் போட்டி வரை போய் இத்தாலியிடம்தான் தோற்றது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமிலும் இறுதிக்கு வந்தது. அதுவரை உலக அரங்கில் யாரும் பெரிதாக எண்ணாத அணி அது. 1972-ல் இத்தாலியின் பெல்லடோனாவும் கரோட்ஸோவும் அதே பிரிசிஷனை வளர்த்தெடுத்து ஆடி, இத்தாலி உலக ஒலிம்பியாட் பட்டம் வென்றது. பட்டம் வைத்திருந்தவர்களே தங்களிடம் தோற்றவர்களின் முறையை எடுத்துக்கொண்டார்கள் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் அல்லவா?

என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பிரிசிஷனின் முதல் பாடம் ஒரு அரைத்தாளில் அடங்கும்.

1 கிளப்: 16 அல்லது அதற்கு மேல். சீட்டு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.
1 ஹார்ட், 1 ஸ்பேட்: 11 முதல் 15. அந்த ஜாதியில் 5 சீட்டாவது இருக்கும்.
1 நோ டிரம்ப்: 13 முதல் 15. நான்கு ஜாதியும் சமமாகப் பரவிய கை.
2 கிளப்: 11 முதல் 15. கிளப் நீளம்.
1 டைமண்ட்: 11 முதல் 15. மேலே சொன்ன எதிலும் சேராத கை.

இதில் கவனிக்க வேண்டியது கிளப் வரியை அல்ல, மற்ற வரிகளை. அவை எல்லாவற்றிலும் ‘15’ என்ற உச்சவரம்பு வந்துவிட்டது. நூறு கையில் சுமார் பத்துக் கைதான் 16 புள்ளிக்கு மேல் இருக்கும். அந்தப் பத்தை ஒரு தனிப்பெட்டியில் போட்டுவிட்டதால், மிச்சமுள்ள எல்லாப் பேச்சும் துல்லியமாகிவிட்டது. வங்கியில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். டெல்லருக்கு இத்தனை ரூபாய் வரை பாஸ் செய்யும் அதிகாரம் என்று ஒரு வரம்பு இருக்கும். அதற்குள் வரும் காசோலைக்கு யாரையும் கேட்க வேண்டாம், வரிசை வேகமாக நகரும். வரம்புக்கு மேல் வந்தால் மட்டும் அதிகாரியிடம் போகும். பெரிய காசோலைக்குத் தனி வழி இருப்பதால்தான் சின்னக் காசோலை தாமதமில்லாமல் போகிறது.

ஓர் உதாரணம். பார்ட்னர் 1 ஸ்பேட் என்று திறக்கிறார். உங்கள் கையில் 13 புள்ளி, ஸ்பேடில் 4 சீட்டு. அவரிடம் 11 முதல் 15. கூட்டினால் 24 முதல் 28. கேமுக்குப் போதும், ஸ்லாமுக்கு வழியே இல்லை. நேராக 4 ஸ்பேட் கேட்டுவிட்டு உட்காரலாம். சரி, உங்களிடம் வெறும் 5 புள்ளி, ஆனால் ஸ்பேடில் 5 சீட்டும் ஒரு ஜாதியில் ஒற்றைச் சீட்டும் இருந்தால்? அப்போதும் 4 ஸ்பேட் கேட்கலாம். எடுத்தாலும் எடுக்கலாம், எடுக்காவிட்டால் எதிரணியின் கேமைத் தடுத்த புண்ணியமாவது உண்டு. எதிரணிக்கு எது என்று தெரியாது. உங்கள் பார்ட்னருக்கும் தெரியாது, ஆனால் அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவர் தன் கையைச் சொல்லி முடித்துவிட்டார். முடிவு உங்களுடையது.

பலமான கைக்கு என்ன செய்வது? 1 கிளப் என்றதும் எதிரே இருப்பவர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். 0 முதல் 7 புள்ளி என்றால் 1 டைமண்ட். அது “என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை” என்பதற்கான சொல். 8 அல்லது அதற்கு மேல், ஒரு ஜாதியில் 5 சீட்டு என்றால் அந்த ஜாதியைச் சொல்லலாம். 16-உம் 8-உம் 24. அந்தக் கணத்திலிருந்து கேம் வரை இருவரும் நிறுத்தக் கூடாது என்பது ஒப்பந்தம்.

தெற்கின் கை இது. ஸ்பேட்: ஏஸ், ராஜா, 8, 7, 4. ஹார்ட்: ஏஸ், ராணி, 6. டைமண்ட்: ராஜா, 5. கிளப்: ராணி, 9, 4. மொத்தம் 18 புள்ளி. வடக்கின் கை: ஸ்பேட்: ராணி, 6, 3. ஹார்ட்: ராஜா, ஜாக், 9, 5, 4. டைமண்ட்: ஏஸ், 8. கிளப்: ராஜா, 7, 2. மொத்தம் 13. தெற்கு 1 கிளப் என்கிறார், வடக்கு 1 ஹார்ட் என்கிறார். இன்னும் முதல் படியிலேயே இருக்கிறோம். அதற்குள் கேம் நிச்சயம் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. தெற்கு 2 ஹார்ட் என்று துருப்பை ஒப்புக்கொண்டால், ஏஸ், ராஜா எங்கே என்று நிதானமாக விசாரிக்க நான்கு படி இடம் மிச்சம் இருக்கிறது. அவசரமில்லாமல் 6 ஹார்ட் வரை போகலாம். எதிரணியிடம் உள்ள 5 ஸ்பேடும் 3, 2 என்று பிரிந்தால் 12 பிடி. அப்படிப் பிரிய நூற்றுக்கு 68 வாய்ப்பு. கிளப் ஏஸ் ஒன்றை மட்டும் கொடுத்தால் போதும். இயல்பான முறையிலும் இந்த ஸ்லாமை எட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே 1 ஸ்பேட், 2 ஹார்ட் என்று போன பிறகும் தெற்கிடம் 12-ஆ 18-ஆ என்று வடக்கு யோசித்துக்கொண்டிருப்பார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்று. வரம்புள்ள கையைச் சொன்னவர், சொன்னதோடு சும்மா இருக்கப் பழக வேண்டும். யாருக்கு இரண்டு கையின் கூட்டுத்தொகையும் தெரியுமோ அவர்தான் அந்த ஏலத்துக்குத் தலைவர். 1 ஸ்பேட் என்று திறந்து, பார்ட்னர் 2 ஸ்பேட் என்றதும், “என் கை அழகாக இருக்கிறதே” என்று 3, 4 என்று ஏறினால் கெட்டது. அழகையும் சேர்த்துத்தான் 11 முதல் 15 என்று சொல்லிவிட்டோமே! நம் வயதில் வீட்டிலும் இது உதவும். மகனிடம் யோசனையைச் சொன்னோமா, வரம்பைச் சொன்னோமா, அத்தோடு விட்டுவிட வேண்டும். இதற்கு மேல் நான் விளக்கினால் என் வீட்டிலிருந்து வந்திருப்பவர்கள் சிரிப்பார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலையாகப் பேசக் கூடாது. முதல் குறை, 1 கிளப் என்று சொன்னவர் எந்த ஜாதியையும் சொல்லவில்லை. எதிரணி இதைத் தெரிந்துகொண்டு, பலமில்லாத கையோடு குறுக்கே 2 ஸ்பேட், 3 டைமண்ட் என்று குதிப்பார்கள். நமக்கு இருந்த படியெல்லாம் போய்விடும். குறுக்கே பேசினால் டபுளுக்கு என்ன பொருள், பாஸுக்கு என்ன பொருள் என்று முன்பே பேசி வைக்காத ஜோடி அங்கே திணறும். இரண்டாவது குறை, கிளப் நீளமான சாதாரணக் கைக்கு 1 கிளப் கிடையாது. 2 கிளப்பில் தொடங்க வேண்டும், ஒரு படி அதிகம். மூன்றாவது, 1 டைமண்ட் ஒரு கலப்புக் கடையாகிவிடுகிறது. டைமண்டில் இரண்டே சீட்டோடும் சில சமயம் அதைச் சொல்ல வேண்டி வரும். இத்தனையையும் தெரிந்துகொண்டேதான் இந்த முறையைப் பரிந்துரைக்கிறேன்.

“இருவருக்குள் குறியீடு என்றால் அது ரகசியம்தானே, கள்ளத்தனம்தானே?” என்று போன வாரம் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. தந்தி மூலம் பணம் அனுப்பிய காலத்தில் வங்கிக் கிளைகளுக்கிடையே ரகசியக் குறியீடு இருந்தது. அந்தப் புத்தகம் பூட்டுக்குள் இருக்கும், வெளியாள் கண்ணில் படக் கூடாது. பிரிட்ஜில் சட்டம் நேர் எதிர். நம் 1 கிளப்புக்கு என்ன பொருள் என்று எதிரணி கேட்டால் முழுவதும் சொல்ல வேண்டும். போட்டிகளில் நம் சிஸ்டத்தை அட்டையில் எழுதி அவர்கள் பார்க்க வைக்க வேண்டும். பொருள் பொதுவுடைமை, சீட்டு மட்டும்தான் தனியுடைமை. இதைத் தாண்டி ஜாடை காட்டினால்தான் கள்ளத்தனம். 1975-ல் பெர்முடா தீவில் நடந்த உலகப் போட்டியில், ஓர் இத்தாலிய ஜோடியில் ஒருவர் மேசைக்கு அடியில் பார்ட்னரின் காலைத் தொட்டதாகப் புகார் எழுந்து கண்டனத்துக்கு ஆளானார்கள். பார்ட்னர் முகம் தெரியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்திருந்தார்கள். அதன் பிறகு மேசைக்கு அடியிலும் தடுப்பு வந்தது. பெரிய போட்டிகளில் இன்று வாயால்கூடக் கேட்பதில்லை. பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வைக்கிறார்கள். குரலில் ஏதும் கசியக் கூடாது என்பதற்காக.

சூதாட்டம் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-ல் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. ரம்மியில் உள்ள அதிர்ஷ்டம், பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது உள்ள அதிர்ஷ்டத்தைப் போன்றதுதான் என்று பிரிட்ஜையே அங்கே உதாரணமாகக் காட்டியது. அந்த அதிர்ஷ்டத்தையும் அகற்ற வழி இருக்கிறது. ‘டூப்ளிகேட்’ என்பார்கள். நான் ஆடிய அதே 13 சீட்டை அடுத்த மேசையில் இன்னொருவரும் ஆடுவார். யார் நன்றாக ஆடினார் என்பதை ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். நல்ல சீட்டு வந்ததால் யாரும் ஜெயிக்க முடியாது. இரண்டு மேசை, எட்டுப் பேர் இருந்தால் போதும், நம் மாடியிலேயே நடத்தலாம். ஒரு ரூபாய்கூட மேசைக்கு வர வேண்டியதில்லை. வரவே கூடாது என்பது என் கருத்து. குழந்தைகள் பார்த்தால் பார்க்கட்டும். கூட்டலும் கழித்தலும் பொறுமையும் கற்றுக்கொள்வார்கள்.

வயதாகிவிட்டது, இனிமேல் எங்கே கற்பது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் இரட்டையர் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம். வாங்கிக் கொடுத்தவர்கள் கொல்கத்தாவைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். பர்தனுக்கு அப்போது வயது 60, சர்க்காருக்கு 56. கலப்பு அணியில் வெண்கலம் வாங்கியவர்களில் ஒருவர் கிரண் நாடார், நம் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவ் நாடாரின் துணைவியார். அடுத்து ஹாங்சோவில் 2023-ல் நடந்த போட்டியில் இந்திய ஆண்கள் அணிக்கு வெள்ளி. அறுபது வயதில் ஆசியத் தங்கம் கிடைக்கிறது என்றால், நம் மாடிக்கு ஏறுவது பெரிய விஷயமா?

இனி என் வேண்டுகோள். காலியாகிப்போன அந்த எதிர் நாற்காலிகளைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். இருபது வருடம் ஒருவரோடே ஆடியவருக்கு ஒரு சிஸ்டம் இருக்கும், ஆனால் அது எங்கும் எழுதப்பட்டிருக்காது. அவர் தயங்கினால் என்ன பொருள், சட்டென்று சொன்னால் என்ன பொருள் என்று பழக்கத்தில் தெரியும். அந்த ஆள் போய்விட்டால் அந்த மொழியும் போய்விடுகிறது. பேச ஆள் இல்லாத மொழியை வைத்துக்கொண்டு ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பழைய லெட்ஜர் காலத்தில் திருவண்ணாமலைக் கிளையின் வாடிக்கையாளருக்குத் திருவண்ணாமலைக் கிளைதான். கவுண்டரில் இருப்பவருக்கு அவர் முகம் தெரியும், கையெழுத்துத் தெரியும். போளூர் கிளைக்குப் போனால் அவர் யாரோ. எல்லாக் கிளைக்கும் ஒரே கணக்கு முறை வந்த பிறகு எந்த ஊரிலும் போய் நிற்கலாம். முகம் தெரிந்த உறவு போய்விட்டது என்று வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் ஓய்வூதியம் எடுக்கிறோம் அல்லவா?

அதுபோல நம் சங்கத்துக்கென்று ஒரு பக்கத்தில் ஒரே சிஸ்டம் எழுதி வைப்போம். மேலே சொன்ன ஐந்து வரி, 1 கிளப்புக்கு உரிய பதில்கள், எதிரணி குறுக்கே பேசினால் என்ன செய்வது என்று இரண்டு வரி. பெரிய எழுத்தில் அச்சிட்டு மேசைக்கு ஒன்று வைப்போம். முதல் மூன்று மாதம் ஆடும்போதே பார்த்துக்கொள்ளலாம், யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஜோடியைச் சீட்டு எடுத்துத் தீர்மானிப்போம். இன்று உங்கள் எதிரே தலைமை ஆசிரியராக இருந்த அம்மா, நாளைக்கு மின்வாரியத்தில் இருந்த அண்ணன், மறுநாள் புதிதாகக் குடிவந்தவர். யார் உட்கார்ந்தாலும் ‘1 கிளப்’ என்றால் 16 என்று இருவருக்கும் தெரியும்.

பலமான கிளப் முறையை இதற்காகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் வரம்பு இருப்பதால், எதிரே இருப்பவரின் சுபாவம் தெரியாவிட்டாலும் கணக்குப் போட முடியும். இயல்பான முறையில் ஆளைத் தெரிந்திருக்க வேண்டியதில் பாதி, இங்கே தாளில் வந்துவிடுகிறது.

செயற்குழு இதை ஏற்றுக்கொண்டால், வரும் மாதம் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கலாம். பௌர்ணமி அன்று நம் தெருவில் ஆட்டோகூட நுழைய முடியாது, அன்றைக்கு வேண்டாம். செவ்வாய், வெள்ளி காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. முதல் நான்கு வகுப்பு நான் எடுக்கிறேன். தாளை அச்சிடும் செலவும் என்னுடையது. ஆடத் தெரிந்தவர்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரை வரச் சொன்னால் மட்டும் போதாது. பக்கத்தில் போய் நின்று, “சார், எனக்கு எதிரே ஆள் இல்லை, நீங்கள் உட்காருகிறீர்களா?” என்று கேளுங்கள். மீதியை அந்தத் தாள் பார்த்துக்கொள்ளும்.